குளிர்காலக் காலையில் மட்டும் வண்டி இழுக்கவில்லை, டர்போ போய்விட்டதா?

கேத்திவாசி:
2014 மாடல் 2.2 லிட்டர் டீசல் எஸ்யூவி, காமன் ரெயில் (ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் டீசல் நின்று எஞ்சினுக்குப் போகும் வகை), விஜிடி டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவது, உள்ளே இதழ்கள் நகரும் வகை). 1,35,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கோயம்புத்தூரில் இருந்தவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. வேலை மாறி ஊட்டிக்குக் கீழே இருக்கும் கேத்திக்கு வந்தோம், டிசம்பர் பாதியிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. வண்டி வெளியில்தான் நிற்கிறது, காலையில் கண்ணாடியில் பனி படிந்து சுரண்ட வேண்டியிருக்கும். ஸ்டார்ட் உடனே ஆகிவிடுகிறது, அதில் பிரச்சினையே இல்லை. ஆனால் ஊட்டிக்கு ஏறும்போது ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுவை கிடையாது, ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மூச்சு வாங்குகிறது, பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடித்தே கொல்கிறார். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடினால் யாரோ சுவிட்ச் போட்ட மாதிரி பிக்கப் வந்துவிடும். அதே ஏற்றத்தில் மத்தியானம் ஜோராகப் போகிறது. செக் லைட் எதுவும் எரியவில்லை. இங்கே ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, டர்போ மாற்ற வேண்டும், நாற்பத்தைந்தாயிரம் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா?

ஸ்பேனர்செட்:
அண்ணே, அவசரப்பட்டுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். டர்போவின் பேரிங்கோ பிளேடோ போயிருந்தால் மத்தியானமும்தான் போயிருக்கும், வெயிலைப் பார்த்து அது சரியாகாது.

குளிரில் எஞ்சினுக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக்காகவும் இருக்காது. அது போயிருந்தால் ஸ்டார்ட் ஆகவே அடம் பிடிக்கும், வெள்ளைப் புகை தள்ளும், உங்களுக்கு உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறதே.

பனிப்பாதை:
டீசல் எங்கே போடுகிறீர்கள்? குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். டிசம்பரில் லே போனபோது லாரிக்காரர்கள் டேங்குக்குக் கீழே நெருப்பு மூட்டுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை விட்டது இதற்காகத்தான். நம் நாட்டுத் தரப்படி சாதாரண டீசல் குளிர்காலத்தில் 6 டிகிரி வரை ஃபில்டரை அடைக்காமல் போனால் போதும். கோடையில் அந்த அளவு 18 டிகிரி. ஊட்டியில் ஜனவரி விடியற்காலை 6-க்குக் கீழே போவது சாதாரணம் இல்லையா? யாராவது கொஞ்சம் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். காமன் ரெயில் பம்பு டீசலின் வழவழப்பை நம்பித்தான் ஓடுகிறது.

டீசல்மாமா:
பனிப்பாதை சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் மெழுகு அடைத்தால் பெரும்பாலும் வண்டி விட்டு விட்டு ஓடும், சில சமயம் நின்றே போகும். தம்பி வண்டி நிற்கவில்லை, திணறவில்லை, இழுக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு இது டீசல் பக்கமாகத் தெரியவில்லை, காற்றுப் பக்கம். ஊகத்தை விடுங்கள், அளந்து பார்க்கலாம்.

ஆயிரம் ரூபாய்க்குள் ப்ளூடூத் ஓபிடி கருவி (வண்டியின் சென்சார் எண்களைப் போனில் காட்டுவது) கிடைக்கும், வாங்கிப் போனில் பாருங்கள். சாவியை ஆன் செய்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். கேத்தி உயரத்துக்கு 79, 80 கிலோபாஸ்கல் காட்டினால் சரி. கடற்கரையில் 101 காட்டும் என்று படித்துவிட்டு, 79-ஐப் பார்த்ததும் சென்சார் போச்சு என்று மாற்றியவர்களை எனக்குத் தெரியும். அப்புறம் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து, குளிர்ந்த வண்டியில் ஏற்றத்தில் முழுசாக மிதிக்கும்போது பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம், மேப் எண்ணிலேயே தெரியும்), ரெயில் பிரஷர் (டீசலின் அழுத்தம்) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ரெயில் பிரஷர் எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்டதைவிட ரொம்பக் குறைந்தால் ஃபில்டர், பம்பு. ரெயில் சரியாக இருந்து பூஸ்ட் மட்டும் ஏறாவிட்டால் டர்போவை இயக்கும் வேக்கம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) பக்கம், இல்லையென்றால் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் டியூப்.

கருவி வருவதற்குள் செலவில்லாமல் ஒன்று செய்யலாம். காலையில் பானெட்டைத் திறந்து வைத்து டர்போவின் இதழ்களை நகர்த்தும் ஆக்சுவேட்டர் கம்பியைப் பாருங்கள். உங்களுடையது வேக்கத்தில் இயங்குவதாக இருந்தால், ஸ்டார்ட் செய்ததும் கம்பி உள்ளே இழுக்க வேண்டும், நிறுத்தியதும் திரும்ப வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் ஒரு தடவை பாருங்கள்.

கேத்திவாசி:
மாமா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். சாவி ஆனில் 79. காலையில் ஏற்றத்தில் முழு மிதி, 2000 ஆர்பிஎம்: ரெயில் கேட்டது 1100 பார், இருந்தது 1080. மேப் 110-க்கு மேல் ஏறவே இல்லை! கால் மணி நேரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால் 185. என் மனைவி போனில் எண்ணைப் படித்துக்கொண்டே வந்தாள், அவளுக்கே இது விளையாட்டாகிவிட்டது. கம்பி விஷயமும் அதேதான். காலையில் அரை சென்டிமீட்டர்கூட நகரவில்லை, சூடானதும் ஒழுங்காக இழுக்கிறது.

டீசல்மாமா:
அப்படியானால் டர்போ பிழைத்தது. வேக்கம் பம்பிலிருந்து சோலனாய்டு (வேக்கத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு), அங்கிருந்து ஆக்சுவேட்டர் வரை போகும் சின்ன ரப்பர் டியூப் ஒவ்வொன்றையும் முனையில் பிடித்து அசைத்துப் பாருங்கள். பத்து வருட ரப்பர் குளிரில் பிளாஸ்டிக் மாதிரி விறைத்து, முனையில் பிடிப்பு விட்டுக் காற்றை இழுக்கும். எஞ்சின் சூட்டில் இளகியதும் தானே கவ்விக்கொள்ளும். டியூப் நன்றாக இருந்தால் கம்பியைக் கையால் தள்ளிப் பாருங்கள், உள்ளே கரி பிடித்து இறுகியிருக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது கையை விடாதீர்கள், நான் விட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

கேத்திவாசி:
கண்டுபிடித்துவிட்டேன். சோலனாய்டு முனையில் மாட்டியிருந்த டியூபில் நகம் அளவு வெடிப்பு, வளைத்தால்தான் தெரிகிறது. மூன்று மீட்டர் வேக்கம் டியூப் 240 ரூபாய், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டேன். பனிப்பாதை சொன்னதற்காக டீசல் ஃபில்டரையும் கழற்றினேன், அடியில் கால் டம்ளர் தண்ணீர் இருந்தது, அதுவும் புதுசு போட்டாயிற்று. மூன்று நாளாகக் காலையில் மேப் 180-க்கு மேல் போகிறது. ஆனால் 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே இன்னும் கொஞ்சம் சோம்பல். அது ஏன்?

ஸ்பேனர்செட்:
அது வண்டிக் கோளாறு இல்லை அண்ணே, மலை. அங்கே காற்றே கால்வாசி குறைவு, டர்போ சுழல ஆரம்பிக்கும்வரை எந்த டீசலும் அப்படித்தான். ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்து 1800-க்கு மேலேயே வைத்து ஓட்டுங்கள்.