முதலாளி "ரிசர்ச் பண்ணி சொல்லு"ன்னுட்டாரு, 46 பக்கம் சேத்தாச்சு, ஆனா எந்த ஊருன்னு சொல்ல தெரியல

மாவுக்காரன்:

வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல ஒரு சின்ன கிரைண்டர் கம்பெனில சேல்ஸ் பாக்கறேன், வீட்டு கிரைண்டர் இல்லீங்க, ஹோட்டலுக்கும் மாவு கடைக்கும் போற 10 லிட்டர் 20 லிட்டர் டில்டிங் கிரைண்டர், அதாவது சாய்ச்சு மாவைக் கொட்டறது. ஆபீஸ்ல மொத்தமே 9 பேரு. போன வாரம் முதலாளி கூப்ட்டு "தம்பி, தெக்க ரெண்டு ஊர்ல டீலர் போடலாம்னு இருக்கேன், எந்த ஊருன்னு ரிசர்ச் பண்ணி வெள்ளிக்கிழமை சொல்லு, பத்து நிமிஷம்தான்"ன்னுட்டாரு.

நானும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து 2011 சென்சஸ், வீட்டுச் செலவு சர்வே, கூகுள் ட்ரெண்ட்ஸ்னு கைக்கு கெடச்சதையெல்லாம் எறக்கி வேர்டுல 46 பக்கம் ஆயிருச்சு. கூகுள் ஃபார்ம் ஒண்ணு வாட்ஸப்புல சுத்த விட்டேன், 63 பேரு ஃபில் பண்ணிருக்காங்க, அதுல 71 சதவீதம் "கமர்சியல் கிரைண்டர் வாங்க விருப்பம்"ன்னு இருக்கு. எல்லாத்தையும் ஏஐ கிட்ட குடுத்தேன், 20 ஸ்லைடு அழகா போட்டு குடுத்துச்சு. படிச்சுப் பாத்தா எந்த ஊருன்னு எனக்கே புரியல. அதுல தேனில இத்தனை மாவு கடை இருக்குன்னு ஒரு நம்பர் வேற, நான் குடுத்த எந்த ஃபைல்லயும் அது இல்ல. இன்னும் நாலு நாள் இருக்கு, எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

பீல்டு_அக்கா:

தம்பி, மதுரைல மார்க்கெட் சர்வே எடுக்குற வேலைல பதினோரு வருஷம் தெருத்தெருவா அலைஞ்சவ சொல்றேன், அந்த ஃபார்மை அப்படியே மூடி வச்சுரு. ஃபில் பண்ணுனது யாரு? உன் காலேஜ் குரூப்பு, சித்தப்பா பையன், அவன் ஹாஸ்டல் ஃப்ரெண்டு. அவங்க யாராச்சும் 20 லிட்டர் கிரைண்டர் வாங்குவாங்களா? விருப்பமான்னு கேட்டா நம்ம ஊர்ல யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க, காசா பணமா. அதுவும் 63 பேருக்கு 71 சதவீதம்னு எழுதாத, 45 பேருன்னு எழுது, அப்பத்தான் அது எவ்ளோ சின்னதுன்னு படிக்கிறவங்களுக்கு தெரியும். நெசமாவே குலுக்கிப் போட்டு 100 பேரை எடுத்திருந்தாலே விடை பத்து சதவீத பாயிண்ட் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும், 400 பேர் வரைக்கும் போனாத்தான் அஞ்சு பாயிண்டுக்கு வரும். உன்னோடது குலுக்கலே இல்ல.

ஒரே ஒரு நாள் பஸ் ஏறிப் போ. மாவு அரைக்கிற நேரத்துல போயி தொந்தரவு குடுக்காத, கையெல்லாம் மாவோட நிக்கிறவரு என்ன பதில் சொல்வாரு, பாக்கெட் போட்டு முடிச்சு ஒரு டீ குடிக்கிற நேரமா பாத்து போ. "புது மெஷின் வாங்குவீங்களா"ன்னு வாயத் தொறந்து கேக்காத. "கடைசியா பெல்ட் அறுந்தப்ப என்ன பண்ணீங்க, கல்லு கொத்த ஆள் எங்கருந்து வர்றாரு, மோட்டார் காயில் போனா கடை எத்தனை நாள் நின்னுச்சு"ன்னு கேளு. நடந்ததை கேட்டா நெசம் வரும், நடக்கப் போறதை கேட்டா மரியாதைக்கு ஒரு பதில் வரும். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக்க, உன் பாஷைல சுருக்காத, ஒரு தடவை "மெக்கானிக் பிரச்சனை"ன்னு சுருக்கி எழுதிட்டு வந்து, மெக்கானிக் இல்லைன்னு சொன்னாங்களா சரியில்லைன்னு சொன்னாங்களான்னு தெரியாம நான் முழிச்சிருக்கேன். ஊருக்கு பத்து பன்னெண்டு கடை போதும், ஒம்பதாவது கடைலயே முன்னாடி சொன்னதையே சொல்ல ஆரம்பிச்சுருவாங்க.

பிவட்_பைத்தியம்:

ப்ரோ நான் அக்கவுண்ட்ஸ் ஆளு. 46 பக்கம் வெளில தேடுனீங்களே, உங்க சர்வீஸ் ரிஜிஸ்டரை பாத்தீங்களா? யாரு எந்த ஊர்லருந்து ரிப்பேருக்கு போன் பண்றாங்கங்கறது காசு குடுத்தாலும் வெளில கெடைக்காத டேட்டா, அது உங்க மேஜைல கெடக்கு.

ரெண்டு வருஷத்து இன்வாய்ஸும் சர்வீஸ் காலும் எக்ஸெல்ல ஏத்துங்க, ஊர் பேரை வச்சு பிரிக்க போகாதீங்க, செத்துருவீங்க. திருநெல்வேலியை ஒருத்தர் எச் போட்டு, ஒருத்தர் போடாம, ஒருத்தர் நெல்லைன்னு, இன்னொருத்தர் டிவிஎல்னு அடிச்சிருப்பாரு (2020 ஜூன்ல கவர்மெண்டே 1018 ஊருக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க மாத்தி ஆணை போட்டு சில நாள்லயே வாபஸ் வாங்குச்சு, பில்லு போடற பையனை மட்டும் என்ன திட்றது). பின்கோடுல பிரிங்க. லெஃப்ட் ஃபார்முலா போட்டு முதல் மூணு நம்பரை பக்கத்து வரிசைல தனியா எடுத்து பிவட் டேபிள் (எதுக்கு எத்தனைன்னு தானா எண்ணித் தர்றது) போட்டா அஞ்சு நிமிஷ வேலை. ஆனா ஒரு குழி இருக்கு, 625ன்னா மதுரை மட்டும் இல்ல, தேனியும் அதுலதான் (625531), 627ன்னா திருநெல்வேலி கூட தென்காசியும் சேந்து வரும். அந்த ரெண்டையும் மட்டும் ஆறு நம்பரையும் பாத்து கையால பிரிச்சுருங்க.

சென்சஸ்லயும் இதே கதைதான். 2011ல தமிழ்நாட்டுல 32 மாவட்டம், இப்ப 38. தென்காசி 2019லதான் பிரிஞ்சுச்சு, அதனால 2011 திருநெல்வேலி நம்பரை எடுத்து இன்னிக்கி திருநெல்வேலின்னு போட்டீங்கன்னா ரெண்டு மாவட்டத்து ஜனத்தை ஒரு மாவட்டத்துல அடைச்ச மாதிரி. தென்காசி வேணும்னா தாலுகா தாலுகாவா கூட்டணும். 2021 கணக்கெடுப்பு தள்ளிப் போயி 2027ன்னு ஆயிருச்சு, அதனால எது போட்டாலும் பக்கத்துல வருஷத்தை எழுதிருங்க.

செலவு சர்வேல 2022-23க்கு தமிழ்நாடு கிராமத்துல ஆளுக்கு மாசம் 5310 ரூபா, டவுன்ல 7630ன்னு எடுத்துருப்பீங்க. நம்பர் சரிதான், ஆனா அது மாநிலத்துக்கே ஒண்ணு, தேனியா தென்காசியான்னு அது எப்படி சொல்லும்? தூக்கிருங்க. ட்ரெண்ட்ஸ்ல வர்ற 100ம் நூறு பேரு தேடுனாங்கன்னு இல்ல, நீங்க எடுத்ததுல உச்சத்தை 100ன்னு வச்சு மத்ததை அதுக்கு அளந்து காட்டுது, அவ்ளோதான்.

வம்பு_வாத்தியார்:

ரிசர்ச்சாவது ஒண்ணாவது, முதலாளி மச்சான் எந்த ஊர்ல இருக்காரோ அங்கதான் டீலர், எழுதி வச்சுக்கோங்க.

சும்மா சொன்னேன். ஆனா இதை மொதல்லயே அவர்கிட்ட கேட்ருக்கணும்ல, "சார் மனசுல ஊர் ஏதாச்சும் இருக்கா, என்ன தெரிஞ்சா அதை மாத்துவீங்க"ன்னு. அதை கேக்காம ஆரம்பிச்சா 46 பக்கம் என்ன, 460 பக்கம் கூட வரும்.

ஒத்தத்தாள்:

பிரசன்டேஷன் பத்தி மட்டும் சொல்றேன். பத்து நிமிஷம் குடுத்தவருக்கு 20 ஸ்லைடு வேணாம். ஏ4ல ஒரு தாள், பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து கைல குடுங்க, முதலாளிமாருங்க ஸ்க்ரீனை பாக்கறதை விட தாள்ல பேனாவால கோடு போட்டு பேசுவாங்க. முதல் வரியே விடையா இருக்கணும், உதாரணத்துக்கு "தேனி, தென்காசி" அப்டின்னு. அதுக்கு கீழ ஏன்னு மூணு வரி, ஒரே ஒரு பார் சார்ட்டு, பெருசுலருந்து சின்னதுக்கு வரிசையா. பதினாலு துண்டு போட்ட பை சார்ட்டு வச்சிருந்தா தயவு செஞ்சு அழிச்சிருங்க, கேக்கு வெட்ற மாதிரி இருக்கும், ஒண்ணும் தெரியாது. மில்லியன்னு எழுதாதீங்க, லட்சம்னு எழுதுங்க. ஒவ்வொரு நம்பருக்கு கீழயும் எங்கருந்து எடுத்ததுன்னு சின்னதா போடுங்க, அப்டி போட முடியாத நம்பர் எதுன்னு பாருங்க, அந்த ஏஐ குடுத்த மாவு கடை நம்பர் தானா செத்துரும். கடைசில "எனக்கு தெரியாதது"ன்னு ரெண்டு வரி. நீங்களே சொல்லிட்டா அவர் தோண்ட மாட்டாரு.

46 பக்கத்தை தூக்கிப் போட்றாதீங்க, பைல வச்சுக்கோங்க, கேட்டா எடுக்கலாம். கேக்க மாட்டாரு.

மாவுக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, முடிஞ்சுது, சனிக்கிழமை காலைல இதை எழுதறேன்.

சர்வீஸ் ரிஜிஸ்டர் ஏத்துனேன், ரெண்டு வருஷத்துல 214 கால். 627ல மட்டும் 58, அதுல தென்காசி பக்கம் பாதிக்கு மேல. 625ல 41, பிரிச்சுப் பாத்தா தேனி பக்கம் 23. அப்பறம் அக்கா சொன்ன மாதிரி புதன்கிழமை தேனி போனேன், 11 கடை. எட்டு கடைல ஒரே பதில், காயில் போனா மோட்டாரை கழட்டி பஸ்ல போட்டு மதுரைக்கு அனுப்பறாங்க, ரெண்டு நாள் கடை நிக்குது. ஒரு அம்மா "மெஷின் நீங்க ஓசில குடுத்தாலும் வேண்டாம் சாமி, மோட்டாரை பாக்க ஆளைக் குடுங்க"ன்னாங்க, அதை அப்படியே தாள்ல போட்டேன். முதலாளி அந்த வரியை ரெண்டு தடவை படிச்சாரு.

அப்பறம் பேனாவை எடுத்து 627 பார் மேல வட்டம் போட்டாரு. "தென்காசி பக்கம் சங்கரன்கோவில்ல ஒரு ஹோட்டல்காரரு இருக்காரே, வாரம் ஒருக்கா போன் போடுவாரே, அவரு இதுல எத்தனை?"ன்னாரு. எனக்கு பக்குன்னு இருந்துச்சு. சீட்டுக்கு போயி ஃபில்டர் போட்டுப் பாத்தா 58ல 19 அவரு ஒருத்தரே. ஒரே மெஷின். தேனி ஓகேன்னுட்டாரு, தென்காசியை திங்கக்கிழமை திருப்பி எண்ணிட்டு வரச் சொல்லிருக்காரு.

பிவட்_பைத்தியம்:

அய்யோ ப்ரோ, போன் காலை எண்ணாம கஸ்டமரை எண்ணுங்கன்னு சொல்ல மறந்துட்டேன், என் தப்புதான். மெஷின் சீரியல் நம்பர் வச்சு டூப்ளிகேட்டை நீக்குங்க, ஆனா பழைய எக்ஸெல் ஷீட்டை அழிக்காம காப்பி போட்டு பண்ணுங்க, கால் கணக்கும் வேணும், ஆள் கணக்கும் வேணும்.

பீல்டு_அக்கா:

எண்றது இருக்கட்டும் தம்பி. 19 தடவை கூப்ட்ருக்காரே, அந்த மனுசனுக்கு மொதல்ல ஒரு போன் போடு.