போயா நீண்ட விடுமுறை: ஆளுக்கொரு காரா, எல்லோருக்கும் ஒரு வேனா?

பெட்டி_லான்சர்
எங்கள் கூட்டத்தில் இந்தக் கேள்வி சண்டையில் போய் நிற்கிறது, அதனால்தான் இங்கே போடுகிறேன். நாங்கள் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து ஆட்கள், எல்லோருக்கும் கார்ப் பைத்தியம். ஞாயிறு விடியும்போதே மரைன் டிரைவில் கூடுவோம், பிளேன்டீ குடிப்போம், ஒருவர் பொனட்டை இன்னொருவர் திறந்து பார்ப்போம், பிறகு வரிசையாகப் பத்தரமுல்லை தியத்த உயன பூங்கா வரை போய், நடந்தோம் என்று சொல்ல ஒரு சுற்று நடந்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு வீடு. இந்த முறை போயா (பௌர்ணமி விடுமுறை) திங்களில் விழுகிறது, மூன்று நாள் லீவு. களனி ஆற்றங்கரைக் கித்துல்கல போய் ஓரிரவு தங்கி ஆற்றில் குளிப்பது என்று முடிவாகிவிட்டது. இவ்வளவுக்கும் பிரச்சினை இல்லை. இப்போது பாதிப் பேர் வாடகைக்கு ஒரு ஹையேஸ் பிடிப்போம் என்கிறார்கள். கார் பார்க்கக் கூடுகிற கூட்டம் வேனில் போவதா? ஹைலெவல் வீதியில் ஹோமாகம தாண்டும் வரைதான் தொல்லை, அவிசாவளையில் இட்டலியோ பாணோ சாப்பிட்டுவிட்டு யட்டியாந்தோட்டைப் பக்கம் திரும்பினால் இரண்டு பக்கமும் றப்பர் மரம், கண்ணாடியை இறக்கிவிட்டு மூன்றாவது கியரில் போகலாம். எனக்கு அதுதான் பயணம். ஆறு அதற்குப் பிறகுதான்.

வேன்_கட்சி
நான் கொட்டாஞ்சேனை, இதே மாதிரி ஒரு கூட்டத்தில் பல வருடம் இருந்தவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: வேன். கணக்கு மட்டும் பாருங்கள். போய்வர ஏறத்தாழ 180 கிலோமீற்றர். உங்கள் பழைய லான்சர் காருக்கு லீற்றருக்குப் பத்துப் போனால் பெரிய விடயம். ஆறு கார் போனால் நூறு லீற்றருக்குக் கிட்ட எரியும், வேனுக்கு இருபது லீற்றர் டீசல் போதும். ஆனால் காசைவிடப் பெரிய தொல்லை வேறு. கொன்வோய் என்று வரிசையாகக் கிளம்பினால் ஒருவனுக்கு பெற்றோல் அடிக்க வேண்டும், ஒருவன் மஹரகம சிக்னலில் மாட்டிக்கொள்வான், முன்னால் போனவன் கொட்டாவையில் காத்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்தவன் அவனைக் காணாமல் தாண்டிப் போயிருப்பான், அப்புறம் ஆளாளுக்கு ஃபோன். விடியக் கிளம்பியவர்கள் ஆற்றில் கால் வைக்கும்போது வெயில் உச்சியில் நிற்கும். சேர்ந்த பிறகாவது குளிப்பார்களா? பலா மரத்துக்குக் கீழே நிறுத்தாதே, காய் விழும். அங்கே நிறுத்தாதே, பஸ் திரும்பும்போது உரசும். துணி எடுத்து பம்பரைத் துடைத்துவிட்டு மறுபடி இடம் மாற்றுவார்கள். வேனில் போனால் கதவைச் சாத்திவிட்டு நேரே தண்ணீருக்குள்.

பெட்டி_லான்சர்
பம்பரைத் துடைப்பதும் ஒரு சந்தோஷம்தான் மச்சான். சிலர் பட்டம் விடக் காலிமுகத்திடலுக்குப் போவதில்லையா, நூலைச் சிக்கெடுப்பதிலேயே பாதி மாலை போய்விடும், அதற்காகப் பட்டம் விடாதே என்று யாரும் சொல்வதில்லையே.

தெமட்டகொடை_நாநா
வேனா காரா என்பதை நீங்களே பேசி முடியுங்கள். காரில்தான் என்றால் என் தொழில் சார்ந்து சில வார்த்தை. கித்துல்கலவோடு நின்றால் பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் இந்த மாதிரிக் கூட்டம் ஒருநாளும் கித்துல்கலவோடு நிற்காது, யாராவது ஒருவர் ‘கினிகத்தேனை வரை ஏறிப் பார்ப்போமே’ என்பார், நான் பார்க்காத கூட்டமா. பழைய காரில் ரேடியேட்டர் மூடியின் றப்பர் வளையம் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். இங்கே நிறையப் பேர் சூடு ஏறுகிறது என்று, எஞ்சின் சூட்டை அளவாக வைக்கிற தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறார்கள். அது மருந்தில்லை, எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் தேயும், பெற்றோலும் கூடக் குடிக்கும். பெல்ட்டைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் முதலில் தெரியும். டயர் பூ (தரையில் படும் வரிகள்) நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. அந்த டயரோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கப் போகிறீர்களா? பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் நீண்ட இறக்கத்தில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்மார் சொன்னது சும்மா இல்லை.

மின்சாரத்_தம்பி
நாநா சொன்ன பட்டியலைப் படித்ததும் எனக்கே பெருமூச்சு வந்தது. ரேடியேட்டர் மூடி, பெல்ட், தேர்மோஸ்டாட்… என்னுடையது பிவைடி மின்சாரக் கார், இரவு வீட்டில் சார்ஜ் போட்டால் கித்துல்கல போய் வரலாம், இறக்கத்தில் மோட்டாரே பிடித்துக்கொண்டு பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பித் தரும். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதால்தான் நீங்களெல்லாம் அந்தப் பழைய பெட்டிகளைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், 2025 பெப்ரவரியில் திறந்தாயிற்று, அண்ணாமார் கொஞ்சம் முன்னால் வாருங்கள். ஆற்றோரமாகத் தண்ணீருக்குள்ளேயே காரை இறக்கிக் கழுவி ஒரு வீடியோ எடுத்தால் எப்படி இருக்கும்!

பெட்டி_லான்சர்
தம்பி, திறந்தது யாருக்கு? வரியோடு சேர்த்து வருகிற விலையைப் பார்த்துவிட்டு நான் என் லான்சரை இன்னும் அன்பாகத் தடவிக்கொடுக்கிறேன். அந்த ஐந்து வருடத்தில் வாங்கின விலையைவிடக் கூடுதலாகப் பழைய வேகன் ஆர் விற்றது, மறந்துவிட்டதா? நாங்கள் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டதே அப்போதுதான். பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி ஒரு வைப்பர் மோட்டார் தேடுவதும் வெளியே போவதுதான், என்னைக் கேட்டால்.

பின்சீட்டு_அக்கா
இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், பின்சீட்டில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. என் வீட்டுக்காரரும் இதே ரகம். அவருக்கு றப்பர் மரம் தெரியும், கண்ணாடி இறக்கிய காற்று தெரியும், எனக்கு அவருடைய தலை தெரியும். பின்னால் ஏசி வராது, சின்னவனுக்கு வளைவு வந்தால் வாந்தி வரும், மடியில் பொலித்தீன் பையோடு நான். முன்னால் போகிற நண்பனை விட்டுவிடக் கூடாது என்று இவர் மிதிப்பார். ஊருக்குள்ளே 50, வெளியே 70 என்றுதான் சட்டம், கொன்வோயில் போனால் அது யாருக்கு ஞாபகம்? போய் இறங்கியதும் ஆண்கள் எல்லாம் ஒரு பொனட்டைச் சுற்றி நிற்பார்கள், பெண்கள் பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றுவோம். வேன் என்றால் குறைந்தது எல்லோரும் ஒரே இடத்தில் இருப்போம், பாட்டாவது பாடுவோம், பிள்ளைகளை ஆளுக்கொரு பக்கம் பிடிக்கலாம். என் வோட்டு வேனுக்கு.

அப்புறம் மின்சாரத்_தம்பி, ஆற்றில் கார் கழுவுவதைப் பற்றி. களனி ஆற்றுத் தண்ணீரைத்தான் அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் கித்துல்கலயில் கரைத்துவிடும் கிறீஸும் சோப்பும் போகிற திசை எது என்று ஒருதரம் வரைபடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். வீடியோவை நாங்கள் குழாயில் பார்த்துக்கொள்கிறோம்.

மின்சாரத்_தம்பி
அக்கா, பகிடிக்குச் சொன்னேன்.

பழைய_ஸ்ரீ
வயது காரணமாக நான் காருக்குத்தான் சாய்வேன். என்னிடம் இன்னும் ஒரு மொரிஸ் மைனர் கார், சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத் தகட்டோடு (அந்த எழுத்தின் மேல் நம்மவர்கள் தார் பூசிய காலத்து அரசியல் வேறு கதை, காரின் மேல் பழி இல்லை). இந்த நாட்டில் காரோடு வெளியே போவது நேற்று வந்த பழக்கம் இல்லை. நுவரெலியா மஹகஸ்தோட்டையில் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் 1934 முதல் மலையேற்றக் கார் ஓட்டம் நடக்கிறது. ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து போகிறவர்கள் குளிர்ச் சட்டையோடு தோட்டத்துச் சரிவில் உட்கார்ந்து பார்ப்பார்கள், கையில் சாப்பாட்டுப் பொதி, ஒவ்வொரு காராகத் தனியே ஏறும், நடுவில் கதைக்க வேண்டிய மட்டும் நேரம். களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளத்திலும் பந்தயம் பார்த்திருக்கிறோம். அந்தக் கூட்டத்தில் கார் ஓட்டத் தெரியாதவர்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள், யாரும் யாருடைய பின்சீட்டிலும் இல்லை. பார்ப்பதற்கு ஒன்று இருந்தது. இப்போது பிள்ளைகள் கூடி நிற்பது ஃபோனில் படம் எடுக்க.

வேன்_கட்சி
ஐயா, பார்ப்பதும் சும்மா இல்லை. 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் கார் பாதையை விட்டுப் பார்வையாளர் பக்கம் பாய்ந்து 7 பேர் செத்தார்களே, அதில் சின்னப் பிள்ளையும் இருந்தது. நான் காரை வெறுக்கிறவன் இல்லை. என் கேள்வி இதுதான்: வெளியே போவது என்கிறீர்கள், எத்தனை பேர் உண்மையில் வெளியே வருகிறீர்கள்? தியத்த உயனவில் ஒரு சுற்று என்று லான்சர் தம்பியே எழுதியிருக்கிறார். 2022ஐ நினைத்துப் பாருங்கள். ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், அப்புறம் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்தபோது எங்கள் கூட்டம் என்ன செய்தது தெரியுமா? காரைக் கவர் போட்டு மூடிவிட்டுச் சைக்கிள் எடுத்தோம். பெல்லன்வில நடைபாதை, பெத்தகான சதுப்புநிலப் பூங்கா எல்லாம் அப்போதுதான் பார்த்தோம். கொழும்புக்கு 2018இலேயே ராம்சார் ஈரநில நகரம் என்று பெயர் கிடைத்துவிட்டது, அதே நகரத்தில் அத்தனை வருடம் கார் கண்ணாடிக்குள் இருந்து கொக்கு பார்த்தோம். பெத்தகானவில் பலகைப் பாதையில் நின்றால் காலுக்குக் கீழே கபரகொய்யா (நீர் உடும்பு) நீந்திப் போகும். 2023 செப்டெம்பரில் கியூஆரை எடுத்தார்கள், அடுத்த ஞாயிறே எல்லோரும் பொனட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

பெட்டி_லான்சர்
அண்ணா, நீங்கள் சைக்கிளில் போனது காசுத் தட்டுப்பாட்டில். அதைப் பிடித்துப் போயிருந்தால் கியூஆர் போன பிறகும் நின்றிருக்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் வங்கி, ஒருவர் மருந்துக்கடை, ஒருவர் ஊபர் ஓட்டுகிறார். கார் இல்லாவிட்டால் இவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்க என்ன இருக்கிறது? அரசியல் கதைத்தால் பிளேன்டீ ஆறுவதற்கு முன் கை நீளும். கார்புரேட்டர் கதைத்தால் மதியம் வரை ஓடும். ஊபர்க்காரர் வாரம் முழுக்க ஓட்டிவிட்டு ஞாயிறும் ஓட்ட வருகிறார், கேட்டால், முன்னால் யாரும் ஏறி உட்கார்ந்து ‘அடுத்த சந்தியில் திரும்புங்கள்’ என்று சொல்லாமல் ஓட்டுவது வேறு என்கிறார். அவரை வேனில் ஏற்றிப் பின்னால் உட்கார வைத்தால் அவருக்கு என்ன லீவு?

தெமட்டகொடை_நாநா
ஊபர்த் தம்பி சொன்னது சரியான கதை. ஆனால் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை, காரில் போனாலும் வேனில் போனாலும். கித்துல்கலயில் மேலே நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன, தண்ணீரைத் திறந்துவிட்டால் உங்கள் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறும். தண்ணீர் நிறம் கலங்கினாலோ சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தாலோ யோசிக்காமல் கரைக்கு வாருங்கள், குளிக்கிற இடத்தை ஊர்க்காரரிடம் கேட்டு இறங்குங்கள். ராஃப்டிங் போனால் லைஃப் ஜாக்கெட் பக்கிளைப் போட்டோவுக்காகக் கழற்றக் கூடாது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு வீதிகளைப் போட்டுக் கிழித்ததற்குப் பிறகு, மேலே ஏறுவதென்றால் பாதை எப்படி என்று முதல்நாள் விசாரிக்காமல் கிளம்பவும் வேண்டாம்.

பெட்டி_லான்சர்
நன்றி நாநா. அப்படியென்றால் என் யோசனை: பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் வேனில் வரட்டும், நாங்கள் நாலு பேர் காரில் வருகிறோம், அவிசாவளையில் சந்திப்போம். உடுப்புப் பெட்டிகளை எங்கள் கார் டிக்கியில் போடலாம், வேனில் இடம் கிடைக்கும்.

பின்சீட்டு_அக்கா
நன்றாக இருக்கிறது. பிள்ளைகள் அம்மாமாரோடு வேனில், அப்பாமார் தனியாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு. இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை பேரைக் கூட்டினீர்கள்? எனக்கும் லைசன்ஸ் இருக்கிறது, மெனுவல் கியரில் எடுத்த லைசன்ஸ், தினமும் காலி வீதியில் பள்ளிக்கூட நேரத்து நெரிசலில் ஓட்டுகிறேன். நீங்கள் மட்டும் இல்லை, எங்கள் வீட்டுக்காரரும் சேர்த்துத்தான் கேட்கிறேன்: போகும்போது நீங்கள் ஓட்டுங்கள், வரும்போது காரெல்லாம் எங்களிடம், நீங்கள் பிள்ளைகளோடு வேனில். சம்மதமா?

பழைய_ஸ்ரீ
மகள், மைனரை வேண்டுமானால் தருகிறேன். முதல் கியருக்கு, உரசாமல் விழ வைக்கிற சின்க்ரோ இல்லை, வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும், அது மட்டும் கவனம்.

தெமட்டகொடை_நாநா
லான்சர் தம்பி, பிரேக் ஒயில் மாற்ற வியாழன் வாருங்கள், வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகுதான் கராஜ் திறப்பேன், அப்போது கூட்டமாக இருக்கும்.

பெட்டி_லான்சர்
வியாழன் பின்னேரம் வருகிறேன் நாநா. ரேடியேட்டர் மூடியும் ஒன்று எடுத்து வையுங்கள்.

பின்சீட்டு_அக்கா
பிரேக் ஒயிலுக்குப் பதில் வந்துவிட்டது. என் கேள்விக்கு?