மெக்டஃபி விருதும் அட்டையில் இருக்கும் டிசி முத்திரையும்

நீலமசி:
"டுவைன் மெக்டஃபி விருது, காமிக்ஸின் பெரிய விருதான ஐஸ்னர் விருது வாங்க முடியாதவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. அமெரிக்க காமிக்ஸில் பன்முகத்தன்மைக்காக 2015 முதல் தரப்படும் விருது அது. மெக்டஃபி கறுப்பினக் காமிக்ஸ் எழுத்தாளர், 1993-ல் மூன்று நண்பர்களோடு மைல்ஸ்டோன் மீடியா என்ற காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். ஹார்ட்வேர், ஐகான், பிளட் சிண்டிகேட், ஸ்டேட்டிக் என்ற காமிக்ஸ் தொடர்கள் எல்லாம் அங்கே பிறந்தவை. கறுப்பினக் கலைஞர்களின் சொந்த நிறுவனம். 2011-ல், 49 வயது நிறைந்த மறுநாள் இறந்துபோனார். அந்தப் பெயரில் தருவதையா ஆறுதல் பரிசு என்கிறீர்கள்?

பழைய பேப்பர்:
எழுதியது நான்தான். 'ஒருவர்' என்று ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? முதலில் தகவலைச் சரியாக எழுதுங்கள். மைல்ஸ்டோன் சொந்த நிறுவனம் இல்லை, பேட்மேன் காமிக்ஸ் போடும் டிசியின் கிளை. ஐகான் முதல் இதழ் என் அலமாரியில் இருக்கிறது. அட்டையிலேயே டிசி முத்திரை.

நீலமசி:
டிசி அச்சடித்து விநியோகித்தது. பாத்திரங்களின் உரிமை மைல்ஸ்டோனிடம் இருந்தது. முத்திரையை வைத்து முதலாளியை முடிவு செய்யாதீர்கள்.

ஈரோட்டு வாசகன்:
ஒரு சந்தேகம். பன்முகத்தன்மை என்றால் எழுதுபவரின் நிறத்தைப் பார்ப்பதா, கதையில் வரும் மனிதர்களைப் பார்ப்பதா?

பழைய பேப்பர்:
அதெல்லாம் அப்புறம். டிசி முத்திரை இருக்கா, இல்லையா?

நீலமசி:
இருக்கிறது. அதனால் என்ன? 2015-ல் முதல் விருதை வாங்கியவர் நைலா மக்ரூடர். எம்.எஃப்.கே. என்ற இணையக் காமிக்ஸ். காது கேளாத ஒரு பெண், அம்மாவின் அஸ்தியைச் சுமந்துகொண்டு பாலைவனத்தைக் கடக்கிறாள். அடுத்த வருடம் மார்வெலில் எழுதினார் மக்ரூடர். அங்கே எழுதிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 1939-ல் டைம்லி என்ற பெயரில் தொடங்கிய கம்பெனிக்கு, ஒரு கறுப்பினப் பெண்ணிடம் கதை கேட்க 2016 வரை ஆகியிருக்கிறது. அதுவரை அவர்களில் ஒருவருக்குக்கூடவா திறமை இல்லை?

பழைய பேப்பர்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். கதை நன்றாக இருந்தால் பொதுவான விருதே கிடைக்கும். தனி வரிசை எதற்கு? அப்புறம், மைல்ஸ்டோன் டிசிதான்.

மலைக்கோட்டை:
சின்ன வயசில் நாமெல்லாம் மாண்ட்ரேக் படித்தோம். அதில் மாண்ட்ரேக்குக்குத் துணையாக வரும் கறுப்பின லொதாரை யார் நிறம் பார்த்தோம்? பலசாலி என்று ரசித்தோம், அவ்வளவுதான்.

நீலமசி:
ஏழு நாட்டு இளவரசன் என்று சொல்லிவிட்டு, சிறுத்தைத் தோலைக் கட்டிவிட்டு, ஒரு மந்திரவாதிக்கு வேலைக்காரனாக நிறுத்தினார்கள் அண்ணே. 1934-ல் அப்படி. 1960-களில்தான் ஒழுங்கான உடையும் பேச்சும் வந்தன. நமக்கு உறுத்தவில்லை, சரி. டெட்ராய்ட்டில் வளர்ந்த மெக்டஃபிக்கு உறுத்தாதா? மார்வெலின் கறுப்பின நாயகர்களை ஸ்கேட்போர்டிலேயே ஓட விடுகிறார்கள் என்று 1989-ல் கேலியாக ஒரு கதைத் திட்டம் எழுதி அவர்களிடமே நீட்டிய மனிதர் அவர்.

மலைக்கோட்டை:
லொதாரைக் குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. என் அப்பா வாங்கிக் கொடுத்த புத்தகங்கள் அவை.

நீலமசி:
உங்கள் அப்பாவை யார் என்ன சொன்னார்கள்?

பழைய பேப்பர்:
இவர் எப்போதும் இப்படித்தான். போன வருடம் புத்தகக் காட்சியில் நாலு பேர் முன்னால் என்னைத் திருத்தினார். அதுவும் தப்பாக!

நீலமசி:
தப்பில்லை. ஸ்டேட்டிக்கை வைத்து எடுத்த ஸ்டேட்டிக் ஷாக் கார்ட்டூன் 2000-லிருந்து 2004 வரை வந்தது. நீங்கள் தொண்ணூறுகள் என்றீர்கள். ஸ்டேட்டிக்கின் நிஜப் பெயர் வர்ஜில் ஹாக்கின்ஸ். கறுப்பினத்தவர் என்பதால் ஃப்ளோரிடா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி சேர்க்க மறுத்த ஒருவரின் பெயர் அது. சட்டம் படிக்க இடம் கேட்டவரின் பெயரை ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு வைத்து, அவன் கையில் மின்சாரத்தைக் கொடுத்தார்கள். டிசி கிளை டிசி கிளை என்று நீங்கள் தள்ளிவிடுவது இதைத்தான்.

ஈரோட்டு வாசகன்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய பேப்பர்:
நாளைக்கு அட்டையைப் படம் எடுத்துப் போடுகிறேன். முத்திரையை எல்லாரும் பார்க்கட்டும்.

நீலமசி:
போடுங்கள். உள்பக்கத்தில் பொடி எழுத்தில் காப்புரிமை யார் பெயரில் இருக்கிறது, அதையும் சேர்த்துப் போடுங்கள்.

பழைய பேப்பர்:
பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மாட்டேன். அட்டை போதும்.