செம்பு உளியால் கிரானைட்டை வெட்ட முடியுமா? பிரமிடு பற்றி ஒரு பட்டறைக்காரனின் சந்தேகம்

பர்கூர் பட்டறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பத்தாவதோட நின்னவன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில 22 வருசமா இருக்கேன். சேர்ந்தப்ப உளி, சுத்தி. இப்ப கட்டிங், பாலிஷ் ரெண்டும் பார்க்கிறேன்.

நேத்து ராத்திரி களி தின்னுட்டு இருக்கும்போது மக போன்ல ஒரு வீடியோ காட்டுனா. எகிப்து பிரமிடுக்குள்ள ராஜா அறை முழுக்க கிரானைட்டாம். அந்தக் காலத்துல அவங்ககிட்ட இரும்பு உளியே கிடையாது, வெறும் செம்புதானாம். அதனால வேற கிரகத்துக்காரன் வந்துதான் வெட்டிக் குடுத்தான்னு ஒருத்தன் அடிச்சுச் சொல்றான். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. கல்லு வேலை செய்யறவனைப் பார்த்து 'இதை நீ செஞ்சிருக்க முடியாது'ன்னு சொன்னா யாருக்குத்தான் கோவம் வராது?

ஆனா படுத்தா தூக்கம் வரல. டைமண்ட் பிளேடே எங்க பட்டறையில தேஞ்சு தேஞ்சு போகுது. செம்பு உளியை கிரானைட்ல வச்சு ஒரு போடு போட்டா உளி மூக்குதான் மடங்கும், கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. அப்ப எப்படித்தான் வெட்டுனாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தருமபுரி வாத்தியார் (ஓய்வு):

உங்கள் கணக்கு சரிதான் தம்பி. செம்பு உளியால் கிரானைட்டை வெட்டவே இல்லை. கூஃபு மன்னனின் பெரிய பிரமிடில் ஏறக்குறைய 23 லட்சம் கற்கள் என்பார்கள். அதில் மிகப் பெரும்பாலானவை சுண்ணாம்புக் கல். அதற்குச் செம்பு உளி தாங்கும். கிரானைட் ராஜா அறை மாதிரி சில இடங்களில்தான். அது அஸ்வானிலிருந்து நைல் ஆற்றில் படகேறி, சுமார் 800 கிலோமீட்டர் வந்தது.

கிரானைட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, செம்புப் பட்டையை ரம்பம் மாதிரி இழுத்து அடியில் குவார்ட்ஸ் மணலைப் போடுவது. அறுப்பது மணல், செம்பு அதை இழுத்துக்கொண்டு போவதோடு சரி. கூஃபுவின் கல் பெட்டியில் அந்த ரம்பத் தடம் இன்றும் இருக்கிறது.

இரண்டாவது, இடிப்பது. அஸ்வான் குவாரியில் ஒரு கல்தூண் பாறையோடு ஒட்டியபடியே கிடக்கிறது. நீளம் சுமார் 42 மீட்டர், எடை ஆயிரம் டன்னுக்கு மேல். பாதி வேலையில் விரிசல் விட்டதால் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆயிரம் டன் வேலை வீணாய்ப் போன அன்று மேஸ்திரி முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! சுற்றிலும் கிடைத்தவை டோலரைட் உருண்டைகள். 1922-ல் அங்கே ஆய்வு செய்த எங்கல்பாக் என்ற தொல்லியல் அறிஞர் தானே ஒரு உருண்டையை எடுத்து ஒரு மணி நேரம் இடித்துப் பார்த்தார். அரை சென்டிமீட்டர்தான் இறங்கியது.

டோலரைட் என்றால் என்ன என்று தேட வேண்டாம். உங்கள் பட்டறையில் 'கருப்பு' என்று விலை பேசுகிறீர்களே, நம் பக்கத்துக் கல், அதுதான்.

ஓசூர் பையன்:

எத்தனை டெக்னிக் சொன்னாலும் கடைசியில சவுக்கடி வாங்கின அடிமைங்கதானே சார் கட்டுனாங்க? சினிமாவுல பார்த்திருக்கோமே.

தருமபுரி வாத்தியார் (ஓய்வு):

சினிமாவை விடுங்கள். 1990-ல், அந்தப் பெரிய பிரமிடு இருக்கும் கீசாவில், ஒரு குதிரை கால் இடறிய இடத்தைத் தோண்டினால் பிரமிடு வேலையாட்களின் கல்லறைகள்! அடிமைக்கு ராஜா பக்கத்தில் சமாதி கட்டுவார்களா? ரொட்டியும் பீரும் வாங்கிக்கொண்டு வேலை செய்த ஆட்கள் அவர்கள்.

பின்னாளில் ராஜாக்களுக்குக் குகைக் கல்லறை வெட்டியவர்களுக்கு தெய்ர் எல்-மெதினா என்று தனி ஊரே இருந்தது. கூலி தானியமாக வரும். மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29-ம் வருடம் தானியம் வரத் தாமதமானது. ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு, பசி என்று சொல்லிக் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான் என்பார்கள்.

பர்கூர் பட்டறைக்காரன்:

வாத்தியாரே, ஞாயித்துக்கிழமை செஞ்சு பார்த்துட்டேன். கழிவுக் குவியல்ல இருந்து நாலு கிலோ இருக்கும் ஒரு கருப்புக் கல்லு, பாரடைசோன்னு நாங்க சொல்ற கிரானைட் துண்டு ஒண்ணு. மரத்தடியில உட்கார்ந்து ரெண்டு கையால தூக்கித் தூக்கிப் போட்டேன். வீட்டுக்காரி வந்து பார்த்துட்டு, 'அம்மி கொத்தறதுக்கு ஆள் தேடிட்டு இருந்தேன், வீட்லயே இருக்கீங்க'ன்னுட்டுப் போயிட்டா.

ஒரு மணி நேரத்துல நகக்கண் அளவு பள்ளம். உளி மாதிரி சில்லு தெறிக்கல, மாவு மாவா உதிருது. அழுத்திப் பிடிச்சா கைதான் வலிக்குது. கல்லைத் தன் போக்குல எகிற விட்டா நல்லா தின்னுது. இன்னொண்ணு. நான் எடுத்த கருப்புக் கல்லுக்கு மூணு முனை இருந்துச்சு, முடிக்கும்போது மூணும் மழுங்கிடுச்சு. அவங்க உருண்டையாப் பார்த்து எடுத்தாங்களா, இல்ல அடிச்சு அடிச்சு உருண்டையாச்சான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

மணல் விசயமும் புரிஞ்சுது. பழைய கேங் சா மெஷின்ல பல்லே இல்லாத இரும்புப் பட்டைதான் போகும். சுண்ணாம்புத் தண்ணியோட ஸ்டீல் ஷாட் மணியை ஊத்துவோம், அந்த மணிதான் கல்லை அறுக்கும். இத்தனை வருசம் அதை ஓட்டின எனக்கு இது தோணலையே!

மக கேக்கறா: ராஜா செத்தப்பறம் இருக்க கல்லு வீடு சரி, உசுரோட இருந்த அரண்மனை எங்கேன்னு.

தருமபுரி வாத்தியார் (ஓய்வு):

கெட்டிக்காரப் பெண். அரண்மனை மண் செங்கல். குடியானவன் வீடும் அதே மண் செங்கல்தான். இருக்கிற நாள் கொஞ்சம், அதற்கு மண் போதும். செத்தபின் இருக்கப்போவதும் சாமி இருப்பதும் என்றென்றைக்கும், அதற்குக் கல் வேண்டும். அப்படி நம்பினார்கள். அதனால் நமக்கு மிஞ்சியதெல்லாம் சமாதியும் கோயிலுமாக இருக்கிறது. லீவு நாளில் அவளை மல்லச்சந்திரம் கூட்டிப்போய் அந்தக் கல்திட்டைகளை, பலகைக் கல்லால் கட்டிய பழங்காலச் சமாதிகளை, காட்டுங்கள். அதைக் கட்டியவர்கள் குடியிருந்த வீடு ஒன்றாவது நிற்கிறதா என்று அவளையே தேடச் சொல்லுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. அந்த தெய்ர் எல்-மெதினாவின் வருகைப் பதிவேடு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு சுண்ணாம்புக் கல் பலகையில் 40 பேர் பெயர், இரண்டாம் ராம்சேஸின் 40-ம் வருடம். லீவு போட்ட நாள்களுக்கு மேலே சிவப்பு மையில் காரணம்: தேள் கொட்டியது, கண் நோய், பீர் காய்ச்சப் போனான், அம்மாவின் உடலைப் பதப்படுத்தினான், மேஸ்திரியின் சொந்த வேலைக்குப் போனான்.

பர்கூர் பட்டறைக்காரன்:

தேள் கொட்டினதுக்கு லீவா! போன ஆடியில ஸ்லாப் அடுக்குக்குள்ள கை விட்டப்ப என்னையும் கொட்டுச்சு, மத்தியானமே திரும்ப வரச் சொல்லிட்டாங்க. அந்தக் கல் பலகை போட்டோ இருந்தா அனுப்புங்க வாத்தியாரே. 'மேஸ்திரி சொந்த வேலை'ன்னு இருக்கற இடத்தை மட்டும் வட்டம் போட்டு அனுப்புங்க, எங்க மேஸ்திரிகிட்ட காட்டணும்.