அம்மா – ராத்திரி முறை

அண்ணி, காலை 5:42
அத்தை நேற்றும் கண் மூடவில்லை. மூன்றாவது ராத்திரி. கட்டில் கம்பி மேல் காலைப் போட்டு இறங்கப் பார்க்கிறார். இன்றைக்கு யாராவது வந்தால்தான் உண்டு.

மாமா, 5:50
இனிய காலை வணக்கம் 🌹

நான், 5:58
மாமா, மேலே படியுங்கள்.
அண்ணி, தூக்க மாத்திரை ஏதாவது கேட்கலாமே?

அக்கா, 6:10
மாத்திரை அப்புறம். முப்பது வருஷம் வார்டில் நின்றவள் சொல்கிறேன். வலிக்கிறது என்று சொல்ல அம்மாவுக்கு இப்போது வார்த்தை இல்லை, உடம்புதான் சொல்லும். மறதி நோய் முற்றுவது மெதுவாக நடக்கும். மூன்றே நாளில் இப்படி மாறினால் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. மலம் இறுகியிருக்கலாம், மூத்திரம் தேங்கியிருக்கலாம், தொற்றாக இருக்கலாம், பல்லாக இருக்கலாம், முதுகில் புண் ஆரம்பித்திருக்கலாம். நார்வேயில் முதியோர் இல்லங்களில் 352 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2011-இல் வந்தது. வலிக்கு முறையாக மருந்து கொடுத்ததிலேயே இந்தப் பரபரப்பு குறைந்தது. மருந்து பெற்றவர்களில் பாதிக்கு மேல் வெறும் பாராசிட்டமால்தான். மனநோய் மாத்திரையோ, மறதி நோய் உள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் சாவு கூடுகிறது என்று அமெரிக்காவில் 2005-லேயே எச்சரித்துவிட்டார்கள். எப்போதுமே கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் முகத்தைப் பார்க்கும்போது

அக்கா, 6:11
கை பட்டுப் போய்விட்டது. தொடர்கிறேன்.

அண்ணன், 6:12
சுருக்கமாகச் சொல்லேன்.

அக்கா, 6:19
மூச்சு, முனகல், முகம், கைகால், தேற்றினால் அடங்குகிறாரா. ஐந்துக்கும் 0, 1, 2 என்று மார்க் போடு, மொத்தம் 10. வலியை அளக்கும் முறை, பெய்னாட் என்று பெயர். புரட்டும்போது போட்டுப் பார்.
சுருக்கமாகத்தான் சொன்னேன். அப்பா ஐசியுவில் இருந்தபோது போனையே எடுக்காதவருக்கு இதுவே நீளம்.

அண்ணன், 6:20
ஆரம்பித்தாயிற்று.

அண்ணி, 6:24
புரட்டினால் புருவம் சுருங்குகிறது, முனகுகிறார். 6 போடலாம். அடிவயிற்றில் கை வைத்தால் தட்டிவிடுகிறார். டயபர் நேற்று சாயங்காலத்திலிருந்து லேசான ஈரம்தான்.

அக்கா, 6:24
மோஷன்?

அண்ணி, 6:25
நாலு நாள்.

அக்கா, 6:25
புது மருந்து?

அண்ணி, 6:25
இல்லை.

அண்ணன், 6:31
மூக்கு ஒழுகியது என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ராத்திரி ஒரு அலர்ஜி மாத்திரை கொடுத்தேன். தூக்கம் வரும் வகை. நல்லதுதானே என்று நினைத்தேன்.

அண்ணி, 6:31
என்னிடம் சொல்லவே இல்லை.

அக்கா, 6:33
🤦‍♀️ அந்தப் பழைய வகை மாத்திரை மூத்திரத்தை அடைக்கும், மலத்தைக் கட்டும், புத்தியைக் கலக்கும். நிறுத்து. டாக்டர் இன்றைக்கே வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மாமா, 6:40
அதுவரை கையைத் துணியால் லேசாகக் கட்டி வைக்கலாமா?

அக்கா, 6:40
கூடவே கூடாது மாமா. திமிறுவார், தோல் கிழியும்.

அண்ணி, 6:46
கை சும்மாவே இல்லை. போர்வை ஓரத்தைக் கட்டைவிரலால் மடிக்கிறார், நகத்தால் நீவுகிறார், ஒரு விரற்கடை நகர்ந்து மறுபடி மடிக்கிறார். விடிய விடிய.

மாமா, 6:49
அட, அது ஓரம் மடிப்பது. தையல் மெஷினில் உட்காரும் முன் என் அக்கா, உங்கள் அம்மா, அப்படித்தான் நீவுவாள். என் பள்ளிக்கூட டிரவுசர் எல்லாம் அவள் தைத்தது.

நான், 6:50
அந்த மெஷின் இப்போது எங்கே?

அண்ணன், 6:50
இப்போது அதுவா முக்கியம்?

அக்கா, 6:51
எங்கே என்று கேட்டவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அண்ணி, 7:05
பழைய பருத்தித் துணி ஒன்றைக் கையில் கொடுத்தேன். மடிக்கிறார். காலைத் தூக்குவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. வலி இருக்கிறது.

அண்ணன், 7:12
டாக்டரிடம் பேசிவிட்டேன். ஒன்பதரைக்கு வருகிறார்.

அண்ணி, 7:13
ராத்திரிக்கு யார்?

அக்கா, 7:15
வெள்ளிக்கிழமை நான்.

அண்ணி, 7:15
இன்று புதன்.

நான், 7:16
நான் வேண்டுமானால் ராத்திரி முழுக்க வீடியோ காலில் இருக்கிறேன்.

அண்ணி, 7:16
வீடியோ கால் டயபர் மாற்றுமா தம்பி?

மாமா, 7:20
நான் வரலாம். முட்டிதான் யோசிக்கிறது.

அண்ணன், 10:25
டியூப் போட்டார்கள். முக்கால் லிட்டர் வந்தது. சிறுநீர் டெஸ்டுக்கும் கொடுத்திருக்கிறது. மலத்துக்கு எனிமா சாயங்காலம்.

அக்கா, 10:26
முகம்?

அண்ணி, 10:31
1 மார்க். தூங்குகிறார். துணியை விடவில்லை.

நான், 10:40
அப்போ இன்றைக்கு ராத்திரி மாமாதானே?

நான், 11:52
மாமா, நீல டிக் விழுந்துவிட்டது.