ஏழரை மணிக் குளியலா, பதினொரு மணிக் குளியலா?

வெலிங்டன் அம்மா: "ஆயாவுக்கு நேர அட்டவணை எழுதிக் கொடுக்கும் தாய் பிள்ளையை வளர்க்கவில்லை, கடிகாரத்தை வளர்க்கிறாள்" என்று நேற்று இந்த நீலகிரிக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கிறேன், என் மகனுக்குப் பத்து மாதம். ஏழரைக்குக் குளியல், ஒன்பதரைக்குத் தூக்கம் என்று எழுதி ஒட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். ஆயா பதினொன்றுக்குத்தான் குளிப்பாட்டுகிறார். சம்பளம் கொடுப்பவள் நேரம் சொல்லக் கூடாதா?

கோத்தகிரிக்காரன்: எழுதியது நான்தான். ஜனவரி மாதம், ஏழரை மணி, பத்து மாதக் குழந்தை! எழுதி ஒட்டியவர் கம்பளிக்குள், நடுங்குவது பிள்ளை.

வெலிங்டன் அம்மா: நான் கம்பளிக்குள் இல்லை ஐயா, ஏழேகால் பஸ்ஸில் இருக்கிறேன். வீட்டில் வெந்நீரும் ஹீட்டரும் இருக்கின்றன.

கோத்தகிரிக்காரன்: ஹீட்டர் வெயிலாகிவிடுமா? எங்கள் வாசலில் வெயில் இறங்கவே பத்து மணியாகிறது. உங்கள் ஆயா ஏழு மணிக்கு வந்து சேர வேண்டுமென்றால் இருட்டிலேயே தேயிலைக் காட்டுக்குள் நடக்க வேண்டும். காட்டெருமை ஒதுங்கும்வரை காத்து நின்று வருகிறவருக்குப் பிள்ளையை எப்போது குளிப்பாட்டுவது என்று தெரியாதா? ஏழரையாம், ஏழரை!

லவ்டேல் வாசி: குன்னூர்ப் பக்கம் குளிரா? 1,850 மீட்டரில் இருந்துகொண்டு 2,240 மீட்டர் ஊட்டிக்காரர்களிடம் குளிர் பேசாதீர்கள். தலைக்குந்தாவில் உறைபனி விழும்போது வந்து பாருங்கள்.

கோத்தகிரிக்காரன்: உயரம் யார் கேட்டார்கள்? ஏழரையைப் பற்றிப் பேசுங்கள்.

தோட்டத்துப் பேத்தி: 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. பாட்டி அங்கே பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில், ஆயாவாக இருந்தவர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள், காகிதத்தை அல்ல. இங்கேயும் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்றது. குளியல் நேரம் அதில் இருந்ததில்லை.

வெலிங்டன் அம்மா: அங்கே ஒரு கூட்டம் பிள்ளைகள், இங்கே ஒன்றே ஒன்று. 4 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. பதினொன்றுக்குக் குளித்துவிட்டு மூன்று மணிவரை தூங்கினால் ராத்திரி விழித்திருப்பது ஆயாவா, நானா?

கோத்தகிரிக்காரன்: ஏழரை என்று அந்த நிறுவனம் எங்கே சொன்னது? வரியைக் காட்டுங்கள்.

லவ்டேல் வாசி: ஆரம்பித்துவிட்டார். போன மாதம் வர்க்கி பிஸ்கட் சண்டையிலும் இப்படித்தான், ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள்.

கோத்தகிரிக்காரன்: வர்க்கியை இழுக்காதீர்கள். அன்றைக்குப் பதில் சொல்லாமல் ஓடியவர் நீங்கள்.

வெலிங்டன் அம்மா: வர்க்கி என்றதும் நினைவு வருகிறது. தேநீரில் நனைத்துப் பிள்ளைக்கு ஊட்டுகிறார் அந்த அம்மாள். இதற்கும் நான் வாய் திறக்கக் கூடாதா?

தோட்டத்துப் பேத்தி: தேநீர் கொடுப்பது தவறுதான். பாட்டி பார்த்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார். ஆனால் அதைக் காகிதத்தில் எழுதி ஒட்டினீர்களா, ஆயாவிடம் வாயால் சொன்னீர்களா?

லவ்டேல் வாசி: குன்னூர் வர்க்கியாக இருந்தால் தேநீரில் ஊறாமல் கரைவது கடினம். பிள்ளை பாவம்.

கோத்தகிரிக்காரன்: உங்கள் ஊர் வர்க்கியைச் சுத்தியல் கொண்டுதான் உடைக்க வேண்டும். அது கிடக்கட்டும். வெலிங்டன் அம்மா, ஏழரை என்று எங்கே எழுதியிருக்கிறது? மறுபடியும் கேட்கிறேன்.

வெலிங்டன் அம்மா: என் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் எழுதியிருக்கிறது. போதுமா?