லெனாபே உறவுச்சொற்கள்: ‘தற்கிழமைப் பெயர்’ வேண்டாம், ‘சார்பெயர்’ வைக்கலாம்

வணக்கம் நண்பர்களே,

லெனாபே ஒரு வட அமெரிக்கப் பழங்குடி மொழி. அதில் யாருடையது என்று சேர்க்காமல் தனியாகச் சொல்ல முடியாத பெயர்கள் உண்டு. பாடக் குறிப்புகளுக்காக அவற்றுக்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டதற்கு ‘தற்கிழமைப் பெயர்’, ‘சார்புப்பெயர்’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

லெனாபேயில் ‘நூஹ்’ என்றால் என் அப்பா, ‘கூஹ்’ என்றால் உன் அப்பா. முன்னால் இருக்கும் ந், க் ஒலிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சொல்லே இல்லை. தலைக்கும் இதே கதிதான்: நீல் (என் தலை), கீல் (உன் தலை), வீல் (அவர் தலை).

தற்கிழமை என்பது ஒன்றைவிட்டுப் பிரியாத உடைமை; அது பொருள் சார்ந்த உறவு. நன்னூல் பண்பையும் உறுப்பையும் அதில் சேர்க்கிறது. ஆனால் தமிழில் கை தற்கிழமையாக இருந்தும் ‘கை’ என்று தனியாகச் சொல்ல முடிகிறதே! லெனாபேயில் நாம் பேர் வைக்க வேண்டியது சொல் தனித்து நிற்காத இயல்புக்கு. அதற்கு நம்மிடம் நல்ல முன்மாதிரி, பிற எழுத்தைச் சார்ந்தே வரும் சார்பெழுத்து. அந்த வழியில் ‘சார்பெயர்’ என்றே சுருக்கமாக வைக்கலாம். உறவுச்சொல்லானால் ‘முறைச் சார்பெயர்’.

உறவுச்சொல்லைக் குறிக்கும் ‘முறைப்பெயர்’ என்ற சொல்லைப் புதிதாகத் தேட வேண்டாம். சொல்லின் முதலில் வரும் குற்றியலுகரத்தைச் சொல்லுமிடத்தில் தொல்காப்பியர் அதையே ஆள்கிறார். அங்கே உரைகாரர்கள் காட்டும் சொல் எது தெரியுமா? நுந்தை! எந்தை, நுந்தை, தந்தை. எம்பி, நும்பி, தம்பி. யாய், ஞாய், தாய். என், உன், அவர் என்ற வேறுபாடு உறவுச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று குறுந்தொகையில் படித்தவருக்கு நூஹ், கூஹ் அந்நியமாகத் தோன்றாது. பாடத்தின் முதல் பக்கத்திலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். முன்னொட்டு விளக்கமெல்லாம் அப்புறம் வரட்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. டெலவேர் ஆற்றங்கரையிலிருந்து விரட்டப்பட்ட மக்களோடு இந்த மொழி ஓக்லஹோமாவரை போனது. லெனாபேயின் தென் வழக்கான உனாமியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் எட்வர்ட் தாம்சன் 2002இல் மறைந்தார். இன்று கற்பவர்களுக்குப் பெரியவர்களின் ஒலிப்பதிவும் பேசும் அகராதியும்தான் துணை. வீட்டில் கேட்டுப் பழக வழியில்லாதபோது இலக்கணக் குறிப்பு தெளிவாக இருந்தே ஆக வேண்டும்.

சரி, இன்னொரு சிக்கல். லெனாபேயில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. தம்பி, தங்கை இருவருக்கும் ஒரே சொல்தான். ‘உடன்பிறந்தார்’ என்றால் மூத்தவரும் உள்ளே வந்துவிடுவார். ‘இளவல்’ என்றால் பலருக்குத் தம்பி மட்டுமே நினைவுக்கு வரும். ‘பின்பிறந்தார்’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பேச்சில் எடுபடுமா? பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவர்கள் யாராவது சொல்லுங்களேன்.